சென்னையிலிருந்து புதுச்சேரி: நெடும் சைக்கிள் பயணத்தின் முதல் நாள்

சென்னையில் கிளம்பிக் கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போக நினைக்கும் சைக்கிள் குழுவுக்கு முதல் இரவு இயல்பாகவே புதுச்சேரியில்தான் அமையும். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 140 கிலோமீட்டர். பாலங்களைத் தவிர ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆளை ஏமாற்றுவதும் அதுதான். ஏற்றம் இல்லாத சாலையில் இறக்கமும் இல்லை. மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை அதன் போக்கில் உருள விட ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஏழு மணி நேரமும் மிதிக்க வேண்டும், ஏழு மணி நேரமும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும்.

மறுநாள் காலை அத்தனை பேரும் முகம் சுளிக்காமல் மறுபடி சீட்டில் ஏற வேண்டும். முதல் நாளை அதற்கேற்ப ஓட்டுவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். 10–12 பேர் கொண்ட, முன்பே ஒரே நாளில் 80 கிலோமீட்டராவது ஓட்டிப் பழகிய குழுவை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறோம். 50-ஐத் தாண்டாதவர்கள் இருந்தால் முதல் நாளை மாமல்லபுரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். 42 கிலோமீட்டர்தான் வரும். பரவாயில்லை, கன்னியாகுமரி எங்கும் போய்விடாது.

காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். தெற்கே போகிறவருக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல. அதே சாலையில் ஏப்ரல், மே மாதங்களில் வெயிலும் ஏறும், தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் காற்று முகத்திலேயே அடிக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுத்துவிட்டால் மணிக்கு 20 கிலோமீட்டரில் போன வண்டி 15-க்கு இறங்கிவிடும். அக்டோபர், நவம்பரில் மழையும் புயலும் இருப்பதால் அந்த இரண்டு மாதத்தையும் விட்டுவிடுங்கள்.

வண்டி

சர்வீஸை முதல் நாள் சாயங்காலம் செய்யாதீர்கள், ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். புதிதாகப் போட்ட கியர் கேபிளும் பிரேக் கேபிளும் ஓட ஓடச் சற்றே தளரும். சர்வீஸுக்குப் பிறகு 30–40 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி ஒரு முறை இழுத்துச் சரிசெய்தால்தான் அவை நிலைப்படும். புது சீட்டு, புது ஷூ, புது ஹேண்டில் எதையும் முதல் நாளில் சோதித்துப் பார்க்கக் கூடாது.

சீட்டு உயரத்தைப் பார்க்க எளிய வழி உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் நேராக வர வேண்டும். குதிகால் எட்டாமல் இடுப்பு சாய்ந்தால் சீட்டு அதிக உயரம். முழங்கால் மடங்கியே இருந்தால் தாழ்வு. தாழ்ந்த சீட்டில் 100 கிலோமீட்டர் ஓட்டினால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். வலி வந்த பிறகு உயரத்தை மாற்றினாலும் அன்றைக்குத் தீராது.

காற்றழுத்தத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதை நம்ப வேண்டாம், அளவி உள்ள பம்பில் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 700×28 (28 மில்லிமீட்டர் அகல) டயரில் முன்னால் 75, பின்னால் 80–85 பிஎஸ்ஐ. 35 மில்லிமீட்டர் ஹைப்ரிட் டயரில் 50–60. மலைப்பாதை சைக்கிளின் (எம்டிபி) பருத்த டயரில் 35–45. எடைக்கேற்பக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

மூட்டையை முதுகில் சுமக்காதீர்கள். ஐந்து கிலோ பையானாலும் அந்த எடை முழுவதும் தோளிலும் சீட்டிலும் இறங்கும், முதுகு வியர்வையும் ஆறாது. கேரியரில் கட்டுங்கள். இல்லையென்றால் குழுவாகச் சேர்ந்து ஒரு குட்டி யானையை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள். முடியாமல் போனவரையும் உடைந்த வண்டியையும் ஏற்ற அது கட்டாயம் பயன்படும்.

ஒவ்வொருவரும் தன் டயர் அளவுக்கான ட்யூப் இரண்டு, டயரை நெம்பிக் கழற்றும் லீவர் இரண்டு, கைப்பம்பு, ஒட்டுப் பெட்டி ஆகியவற்றைத் தன் வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ளவர்கள் ஒரு பித்தளை அடாப்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையோரப் பஞ்சர் கடையில் இருக்கும் காற்றுக் குழாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது, அடாப்டர் இல்லாமல் பிரெஸ்டாவில் பொருந்தாது. உங்கள் அளவில் ட்யூப் வழியில் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம்.

குழுவுக்குப் பொதுவாக 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ, செயின் கழற்றி, பின் கியர்களின் எண்ணிக்கைக்கு (ஸ்பீடு) ஏற்ற செயின் இணைப்புக் கண்ணி, கேபிள் டை, இன்சுலேஷன் டேப், செயின் எண்ணெய், அளவி உள்ள ஒரு பெரிய பம்பு ஆகியவை போதும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின் கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சிறிய அலுமினியத் துண்டுக்கு ஹேங்கர் என்று பெயர். ஒரு வண்டியின் ஹேங்கர் இன்னொன்றுக்குப் பொருந்தாது. சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது இதுதான். வளைந்தது தெரியாமல் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் கியர் சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்குள் சிக்கி, சக்கரத்தையும் சேர்த்து முறித்துவிடும். உங்கள் வண்டிக்கானதை வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். நிறுத்தும் இடத்திலும் ஏற்றி இறக்கும்போதும் கியர் இருக்கும் பக்கம் தரையில் படக் கூடாது.

காலை நாலரை மணி

ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் நாலரைக்குக் கூடுங்கள். ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறரை ஆகும், ஒன்றரை மணி நேரம் இருட்டில்தான் ஓட்ட வேண்டும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ஒளிரும் பட்டை, ஹெல்மெட் நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அவரைக் கிளம்ப விடாதீர்கள். வார இறுதி அதிகாலையில் இந்தச் சாலையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வெறி வேகத்தில் வரும். முடிந்தால் வார நாளில் கிளம்புங்கள்.

அந்த அரை மணியில் செய்ய வேண்டிய சோதனைக்கு வண்டிக்கு இரண்டு நிமிடம் போதும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக்டக்கென்று ஆடினால் ஹேண்டில் தண்டு தளர்ந்திருக்கிறது. இரு சக்கரத்தையும் தூக்கிச் சுழற்றி, பிரேக்கில் உரசுகிறதா, அச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். செயினைப் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். பையையும் பாட்டிலையும் பிடித்து ஆட்டுங்கள், இப்போது ஆடுவது முதல் பள்ளத்தில் விழுந்துவிடும்.

பிறகு பொறுப்புகளைப் பிரியுங்கள். ஒருவர் முன்னால் வேகத்தை நிர்ணயிப்பார். ஒருவர் கடைசியாக வருவார், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. பஞ்சர் போடத் தெரிந்த, பொறுமையுள்ள, நன்றாக ஓட்டக்கூடிய ஆளைத்தான் கடைசியில் போட வேண்டும். பலமில்லாதவர் தானாகவே பின்னால் வருவார் என்று அவரையே கடைசி ஆளாக்குவது பெரிய தவறு. இருவரிடமும் எல்லோருடைய கைபேசி எண்ணும், வீட்டில் ஒருவரின் எண்ணும், இரத்த வகையும் எழுதிய தாள் இருக்கட்டும்.

வரிசை

12 பேர் ஒரே வாலாகப் போனால் பின்னால் வரும் பேருந்து தாண்டிப் போக இடமிருக்காது. ஆறு ஆறு பேராகப் பிரிந்து, இரண்டு கூட்டத்துக்கும் நடுவே 200 மீட்டராவது விடுங்கள். ஒற்றை வரிசைதான், பேசிக்கொண்டே ஜோடியாகப் போகும் சாலை இது இல்லை.

மெதுவாக ஓட்டுபவரை முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால், இரண்டாவதாக வையுங்கள். காற்றை முன்னவர் வாங்கிக்கொள்வதால் இவருக்குச் சுமை நன்றாகக் குறையும். மூச்சு வாங்குவது முன்னவர் காதில் விழுவதால் வேகமும் தானாகக் குறையும். கடைசியில் விட்டால் முன்னே போகும் வரிசை நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் இவர் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். பலமானவர்கள் முன்னணியைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம்.

பழகாத குழுவில் இரண்டு வண்டிக்கு நடுவே ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. உங்கள் முன்சக்கரம் முன்னே போகிறவரின் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் தாண்டி நிற்கக் கூடாது. அவர் ஒரு கல்லுக்காகக் கொஞ்சம் ஒதுங்கினாலே இரண்டு டயரும் உரசும். அவர் ஒன்றும் ஆகாமல் போய்க்கொண்டிருப்பார், பின்னால் இருப்பவர்தான் கீழே விழுவார். அவர் மேல் அடுத்தவர் விழுவார்.

சாலையில் கையால் காட்டினால் மட்டும் போதாது, வாயாலும் சொல்ல வேண்டும். "பள்ளம்", "மணல்", "நாய்", "பின்னால வண்டி", "மெதுவா", "நிறுத்து" என்ற ஆறு சொற்களை முன்னவர் சொன்னால் ஒவ்வொருவரும் திருப்பிச் சொல்லிக் கடைசிவரை கடத்துங்கள். முன்னால் இருப்பவர் பட்டென்று பிரேக் போடக் கூடாது.

முதல் மணி நேரம்

அதிகாலைக் குளிர், புது உற்சாகம், பின்காற்று மூன்றும் சேர்ந்து முதல் மணி நேரத்தில் கால் தானாக 26, 28-ல் பறக்கும். அன்றைய நாளைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரம்தான். வேகமாக மிதிக்கும்போது உடம்பு தசையில் சேர்த்துவைத்த சர்க்கரையை அதிகமாக எரிக்கும். அது தீர்ந்தால் மரக்காணம் பக்கத்தில் கால் கனத்து, தலை கிறுகிறுத்து உட்கார வேண்டிவரும். முதல் 20 கிலோமீட்டரை 18-க்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள், முடியவில்லையென்றால் வேகம் அதிகம். கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல், லேசான கியரில் நிமிடத்துக்கு 75–85 சுற்று வரும்படி மிதித்தால் முழங்கால் தாங்கும்.

நேரக் கணக்கு

ஓடும் வேகம் 20 என்று வைத்தால் 140 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரம். மீதி நேரம் எல்லாம் நிற்பதில் போகும். 12 பேரும் ஆளுக்கொரு இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் ஒரு மணி நேரம் காலி. அதனால் நிற்கும் இடத்தை முன்பே முடிவு செய்து, எல்லாத் தேவையையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்குத் திருவான்மியூர். கோவளத்தில் ஐந்து நிமிடம். ஏழேகாலுக்கு மாமல்லபுரத்தில் காலை உணவு, எட்டுக்குக் கிளம்பல். கல்பாக்கம் தாண்டி ஒரு நிறுத்தம். பதினொன்றுக்குள், சுமார் 92-வது கிலோமீட்டரில், கடப்பாக்கம். பதினொன்றேமுக்காலுக்கு மரக்காணத்தில் சாப்பாடும் நிழலும். அங்கிருந்து புதுச்சேரிக்கு சுமார் 35 கிலோமீட்டர், இரண்டரைக்குப் போய்ச் சேரலாம்.

பஞ்சர்

பஞ்சர் ஆனவர் கையைத் தூக்கி "பஞ்சர்" என்று சொல்லி இடப்பக்கம் ஒதுங்கட்டும். கடைசி ஆளும் இன்னொருவரும் மட்டும் அவருடன் நிற்க, மற்றவர்கள் அடுத்த நிறுத்தம்வரை போய்விடுங்கள். எட்டுப் பேர் சாலையோரம் நின்று வேடிக்கை பார்ப்பது ஆபத்து.

வெள்ளைக் கோட்டை விட்டு மண்ணுக்கே இறங்கி வண்டியை வையுங்கள். பின்சக்கரம் என்றால் முதலில் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றுங்கள், கழற்றுவதும் மாட்டுவதும் சுலபமாகும். மிச்சக் காற்றையும் வெளியே விட்டு, டயரின் விளிம்பை இரண்டு கட்டைவிரலாலும் சுற்றிலும் அமுக்கி ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் தள்ளுங்கள். இதைச் செய்தால் டயரில் தளர்வு கிடைத்து லீவருக்கு வேலை குறையும். ட்யூபை உருவும்போது டயரில் எந்தப் பக்கம் எப்படி இருந்ததோ அதே திசையில் பிடித்துக்கொள்ளுங்கள். ட்யூபுக்குக் காற்றடித்துக் கன்னத்தருகே கொண்டுபோய்ச் சுற்றினால் சில்லென்று ஓர் இடம் படும், ஓட்டை அங்கேதான். இனி டயரில் அதற்கு நேரான இடத்தைப் பாருங்கள்.

இந்தச் சாலையில் குற்றவாளி பெரும்பாலும் லாரி டயர் வெடித்துச் சிதறிய மயிரிழை எஃகுக் கம்பி. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டயரின் உட்பக்கம் ஒரு துணியைச் சுற்றி மெல்ல ஓட்டுங்கள், கம்பி இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். விரலால் தடவினால் விரல் கிழியும். நகவெட்டியால் பிடித்து இழுத்து எடுத்துவிடுங்கள். ஒட்டுப் போட்ட பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்குவது, இந்தக் கம்பியை எடுக்காமல் ட்யூபை மட்டும் மாற்றுவதால்தான். பாம்புப் பல் பட்டதுபோல ஓட்டை இரண்டாக இருந்தால் காற்று குறைவாக இருந்து பள்ளத்தில் ட்யூப் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கமாக ஓட்டை இருந்தால் ரிம் டேப் விலகியிருக்கும்.

புது ட்யூபுக்கு இரண்டு அடி காற்றடித்து உருண்டையாக்கி, வால்வை முதலில் நுழைத்து மாட்டுங்கள். டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வருகே முடியுங்கள். கடைசியில் வால்வை ஒரு முறை உள்ளே தள்ளி இழுத்தால் அடியில் மாட்டிய ட்யூப் விடுபடும். ரிம்முக்கும் டயருக்கும் நடுவே ட்யூப் தெரிகிறதா என்று இரு பக்கமும் சுற்றிப் பார்த்த பிறகே முழுக் காற்று. கைப்பம்பில் 60 ஏறினால் போதும், அடுத்த நிறுத்தத்தில் பெரிய பம்பில் நிரப்பலாம். கிளம்பும் முன் பிரேக்கை மறுபடி மாட்டினீர்களா என்று அழுத்திப் பாருங்கள்.

தீனியும் தண்ணீரும்

பசி வந்த பிறகு சாப்பிட்டால் தாமதம். முதல் 45 நிமிடத்திலேயே ஒரு வாய், பிறகு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கும். ஒரு பழத்தோடு ஒரு கடலை மிட்டாய், அல்லது நாலைந்து பேரீச்சை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். மாமல்லபுரத்தில் நாலைந்து இட்லி போதும். பூரி, வடை, நெய்ப் பொங்கல் வயிற்றிலேயே கிடந்து அடுத்த இரண்டு மணி நேரத்தைக் கெடுக்கும். மரக்காணத்தில் தயிர்சாதமும் ஊறுகாயும்போல நல்ல சாப்பாடு வேறில்லை. பிரியாணியை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர். இரண்டு பாட்டிலில் ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் ஓஆர்எஸ். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், சின்ன பாட்டிலில் கொட்டினால் வயிறு கலங்கும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போகும் உப்பு குறைவு. கூடவே உப்பான எதையாவது கடித்துக்கொள்ளுங்கள். பல மணி நேரம் வெறும் தண்ணீரையே குடம்குடமாகக் குடித்தாலும் தலைவலி, குமட்டல், விரல் வீக்கம் வரும். பதினொரு மணிவரை ஒருமுறைகூடச் சிறுநீர் வரவில்லையென்றால் குடித்தது போதவில்லை. சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

ஒருவர் பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, நேராக ஓட்ட முடியாமல் தள்ளாடினாலோ அது களைப்பு இல்லை, வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். அவருக்கு அன்றைய ஓட்டம் முடிந்தது.

வழியில் கவனிக்க

முட்டுக்காட்டுப் பாலத்திலும், கல்பாக்கத்துக்குத் தெற்கே பாலாற்றுப் பாலத்திலும் இணைப்பு இரும்புகளை நேர்கோணத்தில் கடந்து செல்லுங்கள். சாய்ந்து ஏறினால் மெல்லிய டயர் மாட்டும். மாமல்லபுரத்தில் ஊருக்குள் போகும் சாலை இடப்பக்கம் பிரியும், பிரதான சாலை ஊருக்கு வெளியே நேராகப் போகும். பாதிக் குழு இங்கும் பாதி அங்கும் போவது இங்கேதான். பிரிவு வரும் இடத்தில் முன்னவர் நின்று அடுத்த கூட்டம் கண்ணில் பட்ட பிறகே திரும்பட்டும். மரக்காணத்தில் திண்டிவனம் சாலை பிரியும் இடத்திலும் இதே முறைதான்.

கடப்பாக்கத்தில் இரண்டு பாட்டிலையும் நிரப்பிக்கொள்ளுங்கள். மரக்காணத்தைச் சுற்றி உப்பளங்கள், உச்சி வெயிலில் ஒதுங்க மரமில்லை, வெள்ளை உப்புக் குவியல்களிலிருந்தும் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல.

காலாப்பட்டில் புதுச்சேரி எல்லை வந்துவிடும். பலகையைப் பார்த்ததும் வந்துவிட்டோம் என்று கடைசித் தெம்பையும் போட்டு மிதிக்கத் தோன்றும். மிதிக்காதீர்கள். காலாப்பட்டு தனித்துக் கிடக்கும் பகுதி. அதைத் தாண்டி மறுபடி தமிழ்நாடு, பெரியமுதலியார்சாவடி, கோட்டக்குப்பம் என்று இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கிறது. அதுவும் பேருந்தும் கடைகளும் குறுக்கே புகும் இருசக்கர வண்டிகளும் நிறைந்த கிலோமீட்டர்கள். களைத்த உடம்புக்குக் கவனம் சிதறும் நேரம் இது. காலாப்பட்டில் ஐந்து நிமிடம் நின்று, ஒரு பழம் சாப்பிட்டு, குழுவை ஒன்றாகக் கூட்டி, 15 வேகத்தில் ஊருக்குள் நுழையுங்கள்.

சாயங்காலம்

அறைக்குப் போனதும் படுக்காதீர்கள். முதலில் குளித்து, ஓட்டிய ஷார்ட்ஸைத் துவைத்து மின்விசிறிக்கடியில் காயப் போடுங்கள். பஞ்சு வைத்த அந்தத் துணியை உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும், ஒவ்வொரு நாளும் துவைத்ததாக இருக்க வேண்டும். வியர்வை காய்ந்த துணியோடு மறுநாள் உட்கார்ந்தால் தோல் உரிந்து கொப்புளம் வரும், மூன்றாம் நாள் வீட்டுக்குத்தான். உரசிச் சிவந்த இடத்தில் வாஸ்லின் தடவி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சோறும் பருப்பும் முட்டையோ மீனோ வயிற்றுக்குள் போகட்டும்.

புதுச்சேரியில் மது மலிவு என்பது ஊரறிந்த விஷயம். ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பை அது மேலும் வற்றவைக்கும், தூக்கத்தையும் கெடுக்கும். பயணம் முடியும்வரை வேண்டாம் என்று கிளம்பும் முன்பே குழுவாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் எல்லோரும் கூடி, வலி எங்கே என்று ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். உள்ளங்கை மரத்திருந்தால் சீட்டின் மூக்கு கீழே சாய்ந்து எடை கைக்கு வருகிறது, ஒரு நூல் நிமிர்த்துங்கள். முழங்காலின் பின்பக்கம் இழுத்தால் சீட்டை ஐந்து மில்லிமீட்டர் இறக்குங்கள். மறுநாளைக்குக் கடலூர் வழியாகச் சிதம்பரம் வரை, 65–70 கிலோமீட்டரே போதும்.

தூங்கும் முன் விளக்குகளை மின்னேற்றத்தில் போட்டு, செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விட்டு, டயரில் குத்தி நிற்கும் கண்ணாடித் துணுக்குகளைப் பிடுங்கி எடுத்து, பெரிய பம்பில் அழுத்தத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். காலையில் அதே அளவு இருந்தால் வண்டியைத் தொட வேண்டாம். பத்து பிஎஸ்ஐக்கு மேல் இறங்கியிருந்தால் உள்ளே மெல்லிய பஞ்சர் இருக்கிறது, கிளம்பும் முன்பே ட்யூபை மாற்றிவிடுங்கள்.